தைல டப்பிக்குள் ஒரு சுரை

நல்லூர்
04.05.2025

தங்கச்சி ஜெயனிக்கு,

உன் தாலிக்கொடியின் திருகுச் சுரை பதினொரு வருடமாக என்னிடம் இருக்கிறது. தலையிடித் தைல டப்பி ஒன்றைக் கழுவி, உள்ளே பஞ்சு வைத்து, அதற்குள் போட்டு மேசை லாச்சியில் வைத்திருக்கிறேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஐம்பத்துமூன்று வயது, முன்தலை முழுக்க வெளி, பத்திரிகைக் கந்தோரில் மரண அறிவித்தல்களைச் சரிபார்க்கிற பொறுப்பான உத்தியோகம். இப்படிப்பட்ட ஒருவன் தங்கச்சியின் நகையில் ஒரு துண்டைப் பஞ்சுக்குள் வைத்துக் காப்பாற்றுகிறான் என்றால் ஊர் அவனைக் கள்ளன் என்று சொல்லாது. மூளையில் ஏதோ வருத்தம் என்று சொல்லும்.

போனில் சொல்லியிருப்பேன். நீ என் இலக்கத்தை மறித்து ஒன்பது வருடம். என் மனிசி, உன் மச்சாளின் போனில் எடுத்தாலும் என் மூச்சுச் சத்தம் கேட்டதும் வைத்துவிடுகிறாய். கடிதம் என்றால் கிழிப்பதற்காவது கையில் எடுப்பாய்.

நடந்தது இதுதான். உன் கலியாணத்தில் நான் மாப்பிள்ளைத் தோழன். கெட்டி மேளம் அடிக்கிறது. தவநேசன் எழும்பி வந்து கொடியை உன் கழுத்தில் போட்டார். பின்னால் பூட்டவேண்டும். மனிதருக்குக் கை நடுங்கியது. ஐயர் என்னைப் பார்த்தார். வீடியோக்காரன் என்னைப் பார்த்தான். நான் பெரிய ஆள் மாதிரிக் குனிந்து, உன் பின்னலுக்கும் பூவுக்கும் நடுவில் விரலைவிட்டுத் துழாவினேன். அதே நேரம் உன் மாமியும் உதவி செய்யக் குனிந்தா. என் தலையும் அவவின் தலையும் தேங்காய் மாதிரி முட்டிக்கொண்டன. ஏதோ ஒன்று எதிலோ கொழுவியது போலப்பட்டது. "சரி, பூட்டியாச்சு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு இருந்தேன். இருந்த பிறகுதான் வெள்ளைத் துணியில் அது கிடந்ததைக் கண்டேன். மிளகளவு. உள்ளே புரி வெட்டின சின்னத் திருகு. நைசாக எடுத்து வேட்டி மடிக்குள் வைத்தேன். ஆயிரம் பேர் அரிசி போட்டுக்கொண்டிருக்கும்போது "பொறுங்கோ, சுரை விழுந்திட்டுது" என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை.

கொடி நாலு நாள் எதில் தொங்கிக்கொண்டிருந்ததோ தெரியாது. நாலாம் சடங்கன்று விழுந்தது.

இப்போது ஏன் சொல்கிறேன் என்று கேட்பாய். மீசாலைச் சங்கக்கடை மனேச்சர் ஆழ்வாப்பிள்ளை உன்னைக் கேட்டிருக்கிறாராம். மனிசி போய் நாலு வருடம், பிள்ளை இல்லை, குடி இல்லை, குறட்டை மட்டும் உண்டு. இவ்வளவும் உன் மச்சாள் கோயிலில் ஒரு அர்ச்சனைத் தட்டு வாங்குவதற்குள் கேட்டறிந்தது. நீ ஆனி முடிவதற்குள் பதில் சொல்வதாக இழுக்கிறாயாம். ஏன் இழுக்கிறாய் என்று எனக்குத் தெரியும். தவநேசன் செத்த பிறகு "கொடி தங்காத கழுத்து" என்று மாமி சொன்ன சொல் உனக்குள் கிடக்கிறது.

அது உன் கழுத்தால் விழவில்லை, ஜெயனி. என் விரலால் விழுந்தது. ஓம் என்று சொல்லு.

அண்ணை,
குகதாசன்


கொடிகாமம்
11.05.2025

அண்ணைக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

நீங்கள் எழுதாமல் விட்டதை முதலில் எழுதுகிறேன். அவருடைய அந்தியேட்டி அன்று மத்தியானம். காய்ச்சல் வந்து ஆறே நாளில் போன மனிதனுக்கு முப்பத்தொராம் நாள் சாப்பாடு. பந்தியில் வைத்து மாமி சொன்னா: "நாலாம் நாளே கழண்டு சோத்துக்கை விழுந்த கொடி. தங்காத கழுத்திலை ஏத்தினது எங்கடை பிழை."

நான் உங்களைப் பார்த்தேன். சபையில் எனக்கு வேறு ஆள் இல்லை. நீங்கள் இலையிலிருந்து தலையைத் தூக்கி, "பதினொரு பவுண் எல்லோ மாமி, அதுவும் களைச்சுப் போச்சுதாக்கும்" என்றீர்கள். நாலைந்து பேர் சிரித்தார்கள். ஒருவருக்குப் புரைக்கேறியது. அன்றைக்குத்தான் உங்கள் இலக்கத்தை மறித்தேன். சுரைக்காக இல்லை.

ஏழு வருடமாக நான் கொடிகாமம் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு நகைக்கடையில் நிற்கிறேன். வருகிற ஆண்கள் எல்லாரும் உங்களைப் போலத்தான். அவர்களுக்குக் கொக்கியும் பூட்டு, திருகும் பூட்டு, அலுமாரிக்குப் போடுவதும் பூட்டு. அதனால் ஒன்று கேட்கிறேன். என் கொடி எப்படிப் பூட்டுகிற கொடி என்று உங்களுக்கு நினைவிருக்கிறதா? இல்லையென்றால் அந்தச் சாமானைத் தபாலில் அனுப்புங்கள். பார்த்துச் சொல்கிறேன்.

இன்னொன்று. மாமிக்கு இதைப் பற்றி ஒன்றும் தெரியவேண்டாம். அவவுக்கு ஒரு கண் முழுக்கப் போய்விட்டது. மற்றக் கண்ணுக்கு மூன்று நேரம் மருந்து விடுகிறேன். மருந்து விடும்போதும் ஏசுவா. அது எங்கள் இரண்டு பேருக்கும் பழகிவிட்டது.

ஆழ்வாப்பிள்ளையின் விஷயம் என் விஷயம். நான் இல்லை என்று சொல்லப்போகிறேன் என்று உங்களுக்கு யார் சொன்னது?

ஜெயனி


நல்லூர்
25.05.2025

தங்கச்சி ஜெயனிக்கு,

உன் கடைசி வரியை உன் மச்சாளுக்கு மூன்றுமுறை வாசித்துக் காட்டினேன். நாலாம் முறை அவ என் கையிலிருந்து பறித்துக்கொண்டு போய்த் தானே வாசித்தா. வீட்டில் அன்று பாயாசம்.

அந்தியேட்டியைப் பற்றி எழுதியிருந்தாய். ஓம். சொன்னேன். வாய் எனக்கு அப்படிப் பழகிவிட்டது. பயம் வந்தால் பகிடி வரும். அன்றைக்கு வந்தது பகிடி என்று மற்றவர்கள் நினைத்தார்கள். எனக்குத்தான் தெரியும். மடிக்குள் சுரை. (உண்மையில் லாச்சிக்குள். ஆனால் மடிக்குள் இருந்தது போலத்தான் இருந்தது.)

அனுப்பச் சொன்னாய். அனுப்பமுன் நானே அறிந்துகொள்ளலாம் என்று கஸ்தூரியார் வீதியில் ஒரு கடைக்குப் போனேன். நாளொன்றுக்குப் பதினைந்து பேரைக் காலமாக்குகிற எனக்கு ஒரு நகையைப் பற்றிக் கேட்க இவ்வளவு கூச்சம் வரும் என்று நினைக்கவில்லை. லவீனா என்று ஒரு பிள்ளை நின்றாள். குருநகர்ப் பிள்ளை. வாய் கத்தரிக்கோல்.

"என்ன அங்கிள், அன்ரிக்கோ?"

"அன்ரிக்கில்லை. அறிவுக்கு."

டப்பியைத் திறந்ததும் தைலம் மணத்தது. கடை முழுக்க மணத்தது. பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு குறட்டால் அதை எடுத்துக் கண்ணாடி வைத்துப் பார்த்தாள். கறுப்பு உரைகல்லில் ஒரு கோடு இழுத்து, மேலே ஒரு துளி திராவகம் விட்டாள். கோடு நுரைத்துப் போய்விட்டது.

"இது தங்கமில்லை அங்கிள். பித்தளை. மேலை முலாம். உந்த ஓரத்தைப் பாருங்கோ, பச்சை பூத்திருக்கு. பவுண் எண்டால் நூறு வரியம் கிடந்தாலும் பச்சை பூக்காது."

பிறகு எனக்கு வகுப்பு எடுத்தாள். இருபத்திரண்டு கரட் என்றால் இருபத்துநாலில் இரண்டு பங்கு செம்பும் வெள்ளியும் கலந்திருக்கும். கலக்காவிட்டால் மெத்து, கொக்கி வளைந்துவிடும். 916 என்று அடித்திருப்பதும் அதேதான். மினுங்குவது எல்லாம் ஒரு மினுக்கம் இல்லை. தேய்த்து மெருகு ஏற்றியது ஒன்று, மணல் பட்டது போல மங்கலாக விட்டது ஒன்று, முலாம் பூசினது ஒன்று. நான் தலையாட்டிக்கொண்டு நின்றேன். முப்பது வருடமாக உன் மச்சாளுக்கு ஒரு சங்கிலி கொழுவிவிடத் தெரியாத தலை.

"என்ன நகையின்ரை சுரை அங்கிள் இது?"

"சங்கிலியின்ரை" என்றேன். தாலிக்கொடி என்று சொல்ல வாய் வரவில்லை.

"சங்கிலிக்கோ? சிலதுக்குத் திருகு வாறதுதான். ஆனா இது வலுவாச் சின்னன்…"

நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். அதற்கு மேல் கேட்க எனக்கு என்ன இருக்கிறது? விளங்கிவிட்டதே! பொன்னுருக்கிக் கொடி செய்தது மாப்பிள்ளை வீட்டார். பதினொரு பவுண் என்று மூன்று ஊருக்குச் சொன்ன கொடி. அதற்குப் பித்தளைச் சுரை! புரி தேய்ந்த பித்தளைச் சுரை! ஒன்பது வருடமாக உன் கழுத்தைக் குற்றம் சொன்ன வாய், தன் கொடியில் வைத்த களவைச் சொல்லவில்லை.

எனக்கு வருகிற செவ்வாய் லீவு.

குகதாசன்


கொடிகாமம்
08.06.2025

அண்ணைக்கு,

மாமிக்குத் தெரியவேண்டாம் என்று எழுதியிருந்தேன். நான் கடையில் நின்ற நேரம் பார்த்து வந்திருக்கிறீர்கள். அடுத்த வீட்டு லூர்த்தம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்: "உம்மடை அண்ணை வந்தவர். வரேக்கை சண்டைக்கு வந்த மாதிரி வந்தார். போகேக்கை அழுதுகொண்டு போனார். நான் தேத்தண்ணி வேணுமோ எண்டு கேட்டனான், வேண்டாமெண்டிட்டார்."

நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று மாமி சொன்னா. பூட்டாமல் விட்டது நீங்கள் என்று. பிள்ளையில் ஒரு பிழையும் இல்லை என்று. காலில் விழுந்தீர்களாம். அவவுக்குக் கண் தெரியாதபடியால் யாரோ எதையோ தேடுகிறார்கள் என்று நினைத்தாவாம்.

அன்று நான் வர, மாமி குசினிக்குள் நிற்கிறா. தடவித் தடவிச் சோறு போட்டு, எனக்கு முன்னால் கோப்பையை வைத்தா. என்னை "எடி" என்றுதான் கூப்பிடுவா. அன்று "பிள்ளை" என்றா.

"பிள்ளை, ஒன்பது வரியம் உன்னை ஏசிப்போட்டன். என்னை மன்னிச்சுக்கொள்."

சோறு குழைந்திருந்தது. சாப்பிட்டேன்.

இப்போது ஏசுவதில்லை. கண் மருந்து விடும்போது என் கையைப் பிடித்துக்கொள்கிறா. மகனைப் பற்றிக் கதைக்கிறா. முன்பு அவர் செத்ததற்குக் காரணம் என்று சொல்ல நான் இருந்தேன். இப்போது காரணம் ஒன்றும் இல்லாமல் செத்தது போல ஆகிவிட்டது. விறாந்தையில் இருந்து காதுத் தோட்டைத் தடவித் தடவி, "ஏன் போனவன், ஏன் போனவன்" என்று கேட்டபடி இருக்கிறா. இரண்டு வாய்க்கு மேல் சாப்பாடு இல்லை.

அண்ணை, உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். நான் ஆழ்வாப்பிள்ளைக்கு ஓம் சொல்ல இருந்தேன். மாமியைப் பார்க்கப் பகலில் வர ஒரு ஆளையும் கதைத்து வைத்திருந்தேன். ஏசுகிற மாமியை விட்டுப் போகலாம். ஏச்சைக் கேட்டுக்கொண்டே உடுப்பை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, வாசலைத் தாண்டிப் போய்விடலாம். அதற்கு மனதைத் தயார்ப்படுத்த எனக்கு இரண்டு மாதம் எடுத்தது. மன்னிப்புக் கேட்கிற மாமியை எப்படி விட்டுப் போவது?

அந்தச் சாமானை இன்னும் அனுப்பவில்லை.

ஜெயனி


நல்லூர்
15.06.2025

ஜெயனிக்கு,

சண்டை போடத்தான் வந்தேன். பஸ்ஸில் சாவகச்சேரி தாண்டும்வரை வசனங்கள் பாடமாக்கினேன். "மாமி, பித்தளைக்கும் பவுணுக்கும் வித்தியாசம் எனக்கும் தெரியும்" என்று தொடங்குவதாக இருந்தது. வாசலில் நிற்க, அவ என் பக்கம் இல்லாமல் தென்னைமரத்தின் பக்கம் முகத்தைத் திருப்பி, "ஆர், தம்பியே? வாங்கோ, இருங்கோ" என்று சொன்னா. பாடமாக்கினது எல்லாம் போய்விட்டது. வாயைத் திறக்க உண்மைதான் வந்தது. ஒருமுறையாவது பகிடி வந்திருக்கலாம்.

உனக்கு வழி திறக்கிறேன் என்றுதான் வந்தேன். சத்தியமாக.

நேற்றுக் கந்தோரில் ஒரு அறிவித்தலில் செத்தவரின் பெயர் வரவேண்டிய மூன்று இடத்தில் மருமகனின் பெயர் வர விட்டுவிட்டேன். உயிரோடு இருக்கிற மருமகன். அவர் வந்து மேசையில் குத்தினார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் உடனே மன்னித்துவிட்டார். எனக்கு அது பிடிக்கவில்லை.

மாமியை நாங்கள் கொண்டுவந்து வைத்துக்கொள்வோம். உன் மச்சாளிடம் கேட்டுவிட்டேன். முதலில் முகத்தைப் பார்த்தா, பிறகு மேல் அறையில் கிடக்கிற நெல்லுமூட்டையை எங்கே வைப்பது என்று கேட்டா. அது ஓம் என்றுதான் அர்த்தம். நாளுக்கு மூன்றுமுறை மருந்து நான் விடுகிறேன். கை நடுங்காது. நடுங்கினாலும் கண் பெரிய இலக்குத்தானே.

ஆனி முடிய இன்னும் நாள் கிடக்கிறது. ஆழ்வாப்பிள்ளையிடம் ஒரு மாதம் பொறுக்கச் சொல்லு. சங்கக்கடைக்காரர், வரிசையில் நிற்கிற ஆட்களைப் பார்த்துப் பழகினவர். பொறுப்பார்.

சுரையை இத்துடன் அனுப்புகிறேன். பழைய அச்சுத்தாள் ஒன்றில் மடித்து ஒட்டியிருக்கிறேன். டப்பியை வைத்துக்கொண்டேன். வெறும் டப்பியைப் பார்க்க லாச்சி பெரிதாகத் தெரிகிறது.

குகதாசன்


கொடிகாமம்
29.06.2025

அண்ணைக்கு,

மாமி வரமாட்டா. கேட்டேன். "நான் பிள்ளையோடை இருக்கிறன்" என்றா. பிறகு, "நீ எங்கையேன் போறியோ?" என்று கேட்டா. இல்லை என்றேன்.

ஆழ்வாப்பிள்ளைக்கும் சொல்லிவிட்டேன். மரியாதையான மனிதர். கடை வாசல்வரை சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். போன கிழமை அளவெட்டியில் ஒரு இடத்துக்குச் சாதகம் கொடுத்திருக்கிறாராம். நல்லது.

இனிமேல் மாறுவதற்கு ஒன்றும் இல்லாதபடியால் இதை எழுதலாம்.

கொடி விழுந்தது உங்கள் விரலால் இல்லை. நாலாம் சடங்கன்று காலமை கிணற்றடியில் நானே கழற்றி வைத்தேன். பின்கழுத்தில் கீறிக் கீறி எரிந்தது. கொக்கியின் நுனியைத் தேய்த்து மெருகு போடாமல் விட்டிருந்தார்கள். ஊசி மாதிரி. குளித்து முடிய அவர் அந்தச் சிவப்புக் கீறலைக் கண்டுவிட்டார். "பொறும், நான் கொழுவிவிடுறன்" என்றார். நுனி கழுத்தில் படாமல் இருக்கக் கொக்கியை வெளிப்பக்கம் புரட்டிக் கொழுவினார். அன்றைக்குக் கை நடுங்கவில்லை. "இப்ப குத்துதோ?" என்று கேட்டார். குத்தவில்லை. புரட்டிக் கொழுவினால் குனியும்போது கழன்றுவிடும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் அப்போது நகைக்கடையில் இல்லை. மத்தியானம் அவருக்குச் சோறு போடக் குனிந்தேன்.

யாருக்கும் சொல்லவில்லை. இருக்கும்போது சொன்னால் மாமி அவரைப் பகிடி பண்ணுவா. போன பிறகு சொன்னால் அவரே தனக்குத் தேடிக்கொண்டார் என்று சொல்லுவா. அவர் எனக்குச் செய்ததில் அது ஒன்றுதான் வேறு யாரும் காணாதது. அதைச் சபையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. என்னை ஏசட்டும் என்று விட்டுவிட்டேன்.

உங்கள் முதல் கடிதத்தை வாசித்த அன்றே இது உங்கள் குற்றம் இல்லை என்று எழுதியிருக்கலாம். வேண்டுமென்றுதான் எழுதவில்லை. அந்தியேட்டியில் சிரித்த சத்தம் இன்னும் கேட்கிறது. நீங்களும் இத்தனை வருடம் தைல டப்பியைத் திறந்து திறந்து பார்த்திருக்கிறீர்கள் என்று வாசிக்க எனக்கு இதமாக இருந்தது. இன்னும் கொஞ்ச நாள் பாருங்கள் என்று விட்டேன். அந்தக் கொஞ்ச நாளுக்குள் நீங்கள் பஸ் ஏறி வந்துவிட்டீர்கள். அது என் பங்கு.

கொடியில் களவு இல்லை. முழுக்கப் பவுண். பதினொன்றுக்குக் கொஞ்சம் போதாமல் இருக்க, மாமி தன்னுடைய கலியாணத் தோட்டையும் பொன்னுருக்கலில் போட்டிருக்கிறா. மகனின் கலியாணத்துக்கு முலாம் பூசின தோடு வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தா. இன்றுவரை அதுதான் காதில். ஒருவருக்கும் சொல்லவில்லை. ஏழு வருடம் கடையில் நின்றபடியால் முலாம் எனக்குத் தெரியும்; மிச்சம் கொடி செய்த ஆசாரி சொன்னது.

நேற்றுப் பெட்டியைத் திறந்து கொடியை எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் கொக்கி, மறுபக்கம் வளையம். அவ்வளவுதான். சுரை போட அதில் இடமே இல்லை.

மாமியின் வலக்காதுத் தோட்டுக்குப் பின்னால் எப்போதும் சைக்கிள் வால்வு ரியூப்பில் வெட்டின ஒரு சின்னத் துண்டுதான் இருக்கும். அதன் சுரை கலியாணவீட்டுச் சனத்துக்குள் எங்கோ விழுந்துவிட்டது என்று சொல்லுவா. இன்று கண்ணுக்கு மருந்து விட்டபின் அந்தத் துண்டைக் கழற்றிவிட்டு, நீங்கள் அனுப்பினதைப் போட்டுப் பார்த்தேன்.

மூன்று சுற்று. இறுகிவிட்டது.

ஜெயனி